முதல் வாரம் காற்று வேண்டும், அப்புறம் கூடவே கூடாது

கேள்வி கேட்டவருக்கு டொரண்டோ பக்கத்தில் மிசிசாகாவில் வீடு, பேஸ்மெண்ட் உண்டு. போன வருஷம் கேரள நண்பர் ஒருவர் சொன்ன முறைப்படி சூப்பர்மார்க்கெட் திராட்சை, அதே எடைக்குச் சர்க்கரை, ரொட்டி ஈஸ்ட், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் ஊறுகாய் ஜாடியில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். கிறிஸ்துமஸுக்குத் திறந்தால் பாகு மாதிரி இனிப்பு. மிச்சத்தில் தண்ணீர் கலந்து திரும்ப வைத்தது மார்ச்சில் வினிகர் ஆகிவிட்டது. இந்த இலையுதிர் காலத்தில், இனிப்பில்லாத சாதாரண சிவப்பு ஒயின் செய்ய ஆசைப்படுகிறார். எதை வாங்குவது, கெமிக்கல் போடாமல் முடியாதா, மெத்தனால் ஆபத்து உண்டா என்று கேட்கிறார்.

உங்கள் ஜாடியில் நடந்தது இரண்டு தனித்தனிக் கோளாறு. முதலாவது சர்க்கரை. ஒயினுக்கான சாற்றில் லிட்டருக்கு 220, 240 கிராம் சர்க்கரை இருந்தால் போதும். ஈஸ்ட் அதை முழுக்கத் தின்று 13 சதவீத ஆல்கஹாலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு கிலோ திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் என்றால், லிட்டருக்கு ஏறக்குறைய 500 கிராம் வந்துவிடுகிறது. அவ்வளவு அடர்த்தியில் ஈஸ்ட் திணறும், பாதியில் நின்றுவிடும். கேரளத்து வீடுகளில் பிளம் கேக்கோடு சின்ன கிளாஸில் கொடுக்கிற ஒயின் அப்படி இனிப்பாக இருக்க வேண்டியதுதான். அந்த முறை தப்பில்லை, நீங்கள் அதிலிருந்து எதிர்பார்த்ததுதான் வேறு.

இரண்டாவது கோளாறு காற்று. தண்ணீர் கலந்ததும் அந்தச் சர்க்கரைப் பாதுகாப்பு போய்விட்டது. ஜாடியில் பாதி காலி, மேலே துணி. ஆல்கஹாலை வினிகராக மாற்றுகிற அசிட்டிக் பாக்டீரியாவுக்கு வேண்டியது ஆல்கஹால், ஆக்சிஜன் இரண்டுதான். இரண்டையும் தாராளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த வினிகரைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒயின் செய்யும் இடத்தில் வைக்காதீர்கள். பழ ஈக்கள் அந்த பாக்டீரியாவைக் காலிலேயே சுமந்து வரும். ஜாடி பழையதாக, உள்ளே பளபளவென்று மெருகு பூசியதாக இருந்தால் இனி புளிப்பான எதற்குமே வேண்டாம். பழைய மெருகுகளில் ஈயம் இருப்பதுண்டு, புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும்.

ஒயினைச் செய்வது ஈஸ்ட். நமக்கு இருப்பது இரண்டே வேலை. தொடக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அளந்து தெரிந்துகொள்வது ஒன்று. முதல் வாரம் காற்றை உள்ளே விட்டு, அதற்கப்புறம் கடைசிவரை உள்ளே விடாமல் காப்பது இன்னொன்று. கீழே சொல்வது எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும்.

முதலில் சட்டம். உங்கள் ஒண்டாரியோ மாகாணத்தில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் ஒயின் செய்யலாம், விற்கத்தான் கூடாது. குடிக்க வயது 19 ஆகியிருக்க வேண்டும். அதையே காய்ச்சி வடித்துச் சாராயம் எடுப்பது கனடாவில் உரிமம் இல்லாமல் குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு ஒயினுக்கும் அது பொருந்தும். இலங்கையிலும் உரிமம் வேண்டும். ஆக, இது அனுமதி உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கான பதில்.

சரி, திராட்சை. டொரண்டோவில் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய அதிர்ஷ்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து குடியேறிய இத்தாலியர்களும் போர்த்துகீசியர்களும் வருஷா வருஷம் வீட்டில் ஒயின் போடுகிற பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள். செப்டம்பர் முதல் அக்டோபர் நடுவரை அவர்களுக்காகவே கலிபோர்னியாவிலிருந்து லாரி லாரியாக ஒயின் திராட்சை இறங்கும். வழக்கமான பெட்டி 36 பவுண்டு, அதாவது 16 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஜின்ஃபாண்டெல், அலிகாண்டே, கரிஞான், கிரெனாஷ், வெள்ளைக்கு மஸ்கட் என்று திராட்சை வகையின் பெயர் பெட்டியிலேயே எழுதியிருக்கும். அலிகாண்டேக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, வீட்டு உபயோகத்துக்குப் பழச்சாறு செய்துகொள்ள மட்டும் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் புகுந்து நகரத்து வீடுகள் எல்லாம் ஒயின் போட்டன. கலிபோர்னியாவிலிருந்து ரயிலில் கிழக்குக் கரைக்குப் போக நாள் கணக்கில் ஆகும், மெல்லிய தோல் பழங்கள் வழியிலேயே அழுகும். அலிகாண்டேக்குத் தோல் தடிமன், சதைக்குள்ளும் சிவப்பு. அடித்துப் பிழிந்த சக்கையில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி இரண்டாம் தரம் எடுத்தாலும் நிறம் வரும். அதனால்தான் கலிபோர்னியாவின் பெரிய ஒயின் கம்பெனிகள் அவ்வளவாக மதிக்காத அந்த வகை, வீட்டு ஒயின்காரர்களிடம் இன்றைக்கும் ராஜா. தனியாகப் போட்டால் நிறம் மிரட்டும், ருசி தட்டையாக இருக்கும். ஜின்ஃபாண்டெல் மூன்று பங்குக்கு அலிகாண்டே ஒரு பங்கு என்று கலப்பது நல்லது.

சாப்பிடுகிற திராட்சையில் செய்யாதீர்கள். விதையில்லாத பச்சைத் திராட்சையில் சர்க்கரை பெரும்பாலும் 16, 18 சதவீதத்தைத் தாண்டாது, புளிப்பும் போதாது, துவர்ப்பு அறவே இல்லை. இலையுதிர் காலத்தில் இங்கே கூடைகூடையாக வருகிற கான்கார்ட், கொரோனேஷன் நீலத் திராட்சைகள் வாயில் போட அருமை. ஒயினாக்கினால் செயற்கைக் கிரேப் மிட்டாய் வாசனை தூக்கலாக அடிக்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

பெட்டித் திராட்சை தவிர இரண்டு வழி உண்டு. ஒன்று, அடர்சாறு அடைத்த கிட். 23 லிட்டர் ஒயினுக்குத் தேவையான எல்லாம், ஈஸ்ட் முதல் தெளிய வைக்கும் பொருள்வரை, அளந்து போட்டிருக்கும். ஆறு, எட்டு வாரத்தில் புட்டியில் அடைத்துவிடலாம். சொதப்புவது கடினம், ஆனால் ஒயின் எப்படி உருவாகிறது என்று பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. இன்னொன்று, குளிரூட்டி வருகிற புதுச்சாறு பக்கெட், 20 அல்லது 23 லிட்டர். உங்களுக்கு என் சிபாரிசு, ஒரு சிவப்புச் சாறு பக்கெட்டோடு ஒரு பெட்டி திராட்சையையும் வாங்கி, பிசைந்து அதிலேயே போட்டுவிடுவது. இத்தாலியக் கடைக்காரர்களே இதைத்தான் புதியவர்களுக்குச் சொல்வார்கள். பக்கெட் சாற்றில் இல்லாத துவர்ப்பும், வாயில் தெரிகிற கனமும் அந்த ஒரு பெட்டித் தோலிலிருந்து கிடைத்துவிடும். பிழிகிற இயந்திரமும் வேண்டியதில்லை, வலைப்பை போதும். முழுக்கத் திராட்சையிலேயே செய்வதென்றால், மூன்று பெட்டிக்கு 23 லிட்டர் கண்ணாடிக் குடுவை ஒன்று நிறைந்து கொஞ்சம் மிஞ்சும்.

சாமான் பட்டியல் பெரிதில்லை. உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, வாய் அகன்றதாக, மொத்தக் கலவையைவிடக் கால் பங்கு பெரிதாக. சக்கை மேலே எழும்பி வழியும். கார்பாய் என்று சொல்கிற 23 லிட்டர் குடுவை இரண்டு. மிஞ்சியதை ஊற்ற நாலு லிட்டர், ஒரு லிட்டர் குடுவைகள் சில. வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி, சைஃபன் குழாய், சர்க்கரையை அளக்க ஹைட்ரோமீட்டர், அதை மிதக்கவிட உயரமான குழல். இரும்பு, பித்தளை, செம்புப் பாத்திரம் எதுவும் சாற்றைத் தொடக்கூடாது. ஊறுகாயோ மசாலாவோ இருந்த பிளாஸ்டிக்கும் வேண்டாம், அந்த வாடை எத்தனை கழுவினாலும் போகாது. பாத்திரங்களை வாசனைச் சோப்பில் கழுவாமல், வெந்நீரில் கழுவிவிட்டு, நாலு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்த கரைசலால் நனைத்து எடுங்கள். அதன் மூடியைத் திறக்கும்போது முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள், மூச்சு அடைக்கும்.

ஒயினைக் கெடாமல் காக்கிற இந்த மெட்டாதான் நீங்கள் ‘கெமிக்கல்’ என்று கவலைப்படுகிற பொருள். நியாயமான கவலைதான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். 20 லிட்டர் சாற்றுக்குக் கால் தேக்கரண்டி போட்டால் லிட்டருக்கு 40 மில்லிகிராம் சொச்சம் சல்ஃபர் டை ஆக்சைடு ஆகும். ஆரம்பத்தில் ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று முறை போட்டாலும், ஐரோப்பிய ஒன்றியம் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு வைத்திருக்கிற 150 மில்லிகிராம் உச்ச வரம்புக்குள் வசதியாக நிற்கலாம். ஒன்றுமே போடாவிட்டாலும் ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அவர்கள் கடை ஒயினையும் இதையும் ஒரே மாதிரி தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றும் இல்லை. மெட்டா இல்லாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மிகச் சுத்தமான பழமும் நல்ல அனுபவமும் வேண்டும், முதல் வருஷத்தில் அந்தச் சாகசம் எதற்கு? ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: மெட்டாவின் வலிமை சாற்றின் புளிப்பைப் பொறுத்தது. புளிப்பைக் காட்டுகிற பிஎச் எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு என்று அர்த்தம். பிஎச் 3.4 இருக்கும் ஒயினைக் காக்கிற அளவு, 3.8 இருந்தால் போதாது, இரண்டரை மடங்கு வேண்டியிருக்கும். அதனால் புளிப்பு குறைந்த ஒயின் ருசியில் சப்பென்று இருப்பதோடு சீக்கிரம் கெடவும் செய்யும்.

பழம் வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். பூஞ்சை பிடித்த கொத்துகளைக் கழித்துவிட்டு, காம்பை நீக்கி, கையால் பிசையுங்கள். விதை நொறுங்கக் கூடாது, கசக்கும். ஆகவே மிக்ஸி பக்கமே போகாதீர்கள். சாற்றோடு கலந்து, கால் தேக்கரண்டி மெட்டாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறி, மூடி, ஒருநாள் விட்டுவிடுங்கள். தோலில் ஒட்டிவந்த காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் அடங்கும்.

மறுநாள் ஹைட்ரோமீட்டர். போன வருஷம் இது ஒன்று இருந்திருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி வந்தே இருக்காது. சாற்றை வடிகட்டிக் குழலில் ஊற்றி மிதக்கவிட்டால், சர்க்கரை அதிகமிருக்க அதிகமிருக்கக் கருவி மேலே நிற்கும். தண்ணீர் 1.000 என்கிற அளவுகோலில் 1.090க்கும் 1.100க்கும் நடுவே காட்டினால் தொட வேண்டாம். 1.080 என்றால் பத்தரை சதவீத ஆல்கஹால்தான் வரும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை சேர்த்தால் ஒரு சதவீதம் ஏறும் என்பது கணக்கு. 20 லிட்டரில் இரண்டு சதவீதம் ஏற்ற 680 கிராம். நெப்போலியன் காலத்து மந்திரியும் ரசாயன அறிஞருமான ஷாப்டால் 1801இல் பிரான்ஸ் நாட்டுக்கே பரிந்துரைத்த வழி இது, அவர் பெயரில்தான் இன்றும் வழங்குகிறது. ஆகவே சர்க்கரை சேர்ப்பது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். அளக்காமல் சேர்ப்பதுதான் தப்பு. ஜின்ஃபாண்டெலில் மட்டும் ஒரு விஷமம்: ஒரே கொத்தில் காயும் இருக்கும், உலர்ந்து கிஸ்மிஸ் ஆன பழமும் இருக்கும். பிசைந்த அன்று 1.095 காட்டும், கிஸ்மிஸ் ஊறியபின் மறுநாள் 1.105க்குப் போயிருக்கும். அதனால் இரண்டாம் நாள் அளவையே நம்புங்கள்.

புளிப்பையும் பாருங்கள். கலிபோர்னியாவின் வெயில் பிரதேசத்துப் பழத்தில் சர்க்கரை நிறைய, புளிப்பு குறைவு, பிஎச் 3.7க்கு மேல் போனால் லிட்டருக்கு ஒரு கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்து மறுபடி அளங்கள். ஒண்டாரியோவிலேயே நயாகரா வட்டாரத்தில் விளைகிற பழத்தில் நேர் எதிர், புளிப்பு கண்ணைச் சுருக்கும். காகிதப் பட்டை சிவப்பு ஒயினில் நிறம் ஏறிக் குழப்பும் என்பதால், சின்ன டிஜிட்டல் மீட்டர் நல்லது. பக்கெட் சாற்றில் பெரும்பாலும் கம்பெனிக்காரர்களே சரிசெய்து அனுப்பியிருப்பார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட். ரொட்டி ஈஸ்ட்டும் ஒயின் ஈஸ்ட்டும் ஒரே இனம்தான், ஆனால் வளர்த்தெடுத்த நோக்கம் வேறு. ரொட்டி ஈஸ்ட் வேகமாக வாயு விடும், ஆல்கஹால் கொஞ்சம் ஏறியதும் சோர்ந்துவிடும், அடியில் இறுகிப் படியாமல் கலங்கலாக மிதக்கும். ஒயின் ஈஸ்ட் ஐந்து கிராம் பாக்கெட் ஒன்று 23 லிட்டருக்குப் போதும். சிவப்புக்கு ஆர்சி-212 என்கிற ரகம் நல்ல ருசி தரும், ஆனால் சத்துக் குறைந்தால் முரண்டு பிடிக்கும். நயாகரா பழமென்றால் 71பி. கூர்மையாகப் புளிக்கிற மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியை அதுவே தின்றுவிடும். எதுவும் வேண்டாம், நின்றுபோகாமல் முடிந்தால் போதும் என்றால் ஈசி-1118. எதுவானாலும் 50 மில்லி தண்ணீரில், 40 டிகிரிச் சூட்டில், கால் மணி நேரம் ஊறவைத்துத்தான் ஊற்ற வேண்டும். சாறு குளிர்ந்து கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றைச் சேர்த்து ஈஸ்ட் கரைசலின் சூட்டை இறக்கிவிட்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் அதிர்ச்சியில் பாதி செத்துப்போகும். கூடவே கடையில் விற்கிற ஈஸ்ட் சத்துப்பொடியையும் பாக்கெட்டில் போட்ட அளவுக்குச் சேர்த்துவிடுங்கள்.

இனி முதல் வாரம், காற்று வேண்டிய வாரம். ஈஸ்ட் பெருகுவதற்கு ஆரம்பத்தில் ஆக்சிஜன் தேவை. அதனால் வாளியை இறுக்கி மூடாமல், ஈ புகாத துணி கட்டினால் போதும். இரண்டாம் நாளே தோல்கள் எல்லாம் மேலெழும்பி ஒரு தடித்த மூடி போல நிற்கும். அதைத் தினம் மூன்று தடவை கீழே அமுக்கிக் கலக்கிவிட வேண்டும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன, சாற்றில் நனைந்தால்தான் இறங்கும். தவிர, காய்ந்த மேல்தோலில்தான் வினிகர் பாக்டீரியா முதலில் குடியேறும். ஆபீஸ் போகுமுன் ஒன்று, வந்ததும் ஒன்று, படுக்கப்போகுமுன் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு 20 முதல் 30 டிகிரிக்குள் இருக்கட்டும். பேஸ்மெண்ட் குளிராக இருந்தால் முதல் வாரம் மட்டும் மேலே சமையலறைக்குக் கொண்டுவாருங்கள்.

ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது இந்த வாரத்தில்தான், அதை யாரும் சொல்வதில்லை. 23 லிட்டர் சாறு நொதிக்கும்போது ஆயிரம் லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளிவரும். காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். ஒரு வாளிக்குச் சாதாரண பேஸ்மெண்டில் பயமில்லை, ஆனால் ஜன்னல் இல்லாத சின்ன அறையில், அலமாரியில் வைத்துக் கதவை மூடாதீர்கள். கலக்கும்போது தலையை வாளிக்குள் விட்டு மோந்து பார்க்கவும் வேண்டாம்.

நடுவில் அழுகிய முட்டை வாடை வந்தால் கலங்காதீர்கள். ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் சத்து போதவில்லை என்று அர்த்தம். பாதித் தூரம் போவதற்குள் என்றால் சத்துப்பொடி இன்னொரு தவணை போட்டு, நன்றாகக் கலக்கி காற்றோட்டம் கொடுத்தால் போய்விடும். விட்டுவைத்தால் அது வெங்காய வாடையாக மாறி ஒயினோடு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

ஐந்திலிருந்து பத்து நாளில் ஹைட்ரோமீட்டர் 1.010க்கும் 1.000க்கும் நடுவே இறங்கியதும் வடிகட்டிப் பிழியுங்கள். தானாக வடிவது ஒரு குடுவை, வலைப்பையை முறுக்கிப் பிழிவது தனிக் குடுவை. பிழிந்தது துவர்ப்பு அதிகம். பின்னால் ருசி பார்த்துக் கலந்துகொள்ளலாம். இந்த நிமிஷத்திலிருந்து காற்று எதிரி. குடுவையில் ஏர்லாக்கை மாட்டுங்கள். 0.996க்குக் கீழே போய் இரண்டு மூன்று நாள் நகராமல் நின்றால் சர்க்கரை தீர்ந்தது. ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். குளிருக்கும் நிற்கும், மூடி கசிந்தாலும் நிற்கும்.

அடியில் மண்டி கனமாகப் படிந்த சில நாளில், தெளிந்ததை மட்டும் சைஃபனில் வேறு குடுவைக்கு மாற்றுங்கள். குழாய் நுனி அடுத்த குடுவையின் அடியைத் தொட வேண்டும், மேலிருந்து சளசளவென்று ஊற்றினால் காற்றையும் சேர்த்து ஊற்றுவதாகும். மாற்றியதும் குடுவையைக் கழுத்துவரை நிரப்புங்கள். வீட்டு ஒயின் பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். முக்கால் குடுவை ஒயினும் மேலே கால் குடுவைக் காற்றும், ‘ஏர்லாக் போட்டிருக்கிறேனே’ என்கிற நம்பிக்கையும். நொதிக்கும்போது மேலே கரியமில வாயு போர்வை இருந்தது உண்மை, ஆனால் நொதித்தல் முடிந்து மூடியைத் திறந்து மாற்றிய பிறகு அது இல்லை. குறைகிற அளவுக்கு அதே ஒயினை ஊற்றுங்கள். அதற்குத்தான் சின்னக் குடுவைகளில் மிச்சம் பிடித்து வைக்கச் சொன்னேன். அது இல்லையென்றால் அதே வகைக் கடை ஒயின் ஒரு புட்டி வாங்கி ஊற்றலாம். தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள்.

சிவப்பு ஒயினுக்கு இன்னொரு நொதித்தல் உண்டு. பச்சை ஆப்பிளில் இருக்கும் கூர்மையான மாலிக் அமிலத்தை, தயிரில் இருக்கும் மென்மையான லாக்டிக் அமிலமாக ஒரு பாக்டீரியா மாற்றும். திராட்சையில் செய்த சிவப்பு ஒயினில் இதை நடத்திவிடுவது நல்லது, இல்லாவிட்டால் புட்டிக்குள் தானாக நடந்து வாயுவும் கலங்கலும் ஆகும். பாக்டீரியா பாக்கெட்டாகக் கிடைக்கும். 20 டிகிரி ஒட்டிய சூடும், ஒன்றிரண்டு மாதப் பொறுமையும் தேவை, அது முடியும்வரை மெட்டா போடக்கூடாது. முடிந்ததும் 23 லிட்டருக்குக் கால் தேக்கரண்டி மெட்டா, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பாதி. கிட் வாங்கினால் இந்தப் பேச்சே வேண்டாம், அந்தச் சாறு இதற்கு ஏற்பச் செய்ததில்லை.

டிசம்பர் வந்ததும் கனடாக் குளிர் இலவசமாக ஒரு வேலை செய்யும். பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் இரண்டு மூன்று வாரம் வைத்தால், மிகையான டார்டாரிக் அமிலம் கற்கண்டுத் தூள் போலக் குடுவைச் சுவரில் படிந்துவிடும், ஒயின் தெளியும். கேரேஜில் வைக்கிறவர்கள் வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். 12 சதவீத ஒயின் மைனஸ் 5 வாக்கில் உறைய ஆரம்பிக்கும், ஜனவரியில் மைனஸ் 15 அடிக்கிற ராத்திரி கண்ணாடிக் குடுவை பிளந்துவிடும். காலையில் கேரேஜ் தரையெல்லாம் ஒயின் ஓடும்.

மெத்தனால் கேள்விக்கு வருகிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்ததைப் பார்த்த நமக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. ஆனால் அது சாராயத்தில் மெத்தனாலையே கலந்து விற்றதால் வந்த சாவு, பழம் நொதித்ததால் வந்ததில்லை. பழத்தில் இருக்கிற பெக்டின் என்கிற பசைப்பொருள் உடையும்போது கொஞ்சம் மெத்தனால் உண்டாவது நிஜம்தான். தோலோடு ஊறுவதால் சிவப்பு ஒயினில் வெள்ளையைவிட அதிகம். சர்வதேச திராட்சை, ஒயின் அமைப்பு சிவப்புக்கு வைத்திருக்கிற வரம்பு லிட்டருக்கு 400 மில்லிகிராம், வெள்ளைக்கு 250. சாதாரணமாக நொதித்த ஒயின் அதற்குள்தான் இருக்கும். கூடவே இருக்கிற எத்தில் ஆல்கஹால், மெத்தனாலை உடம்பு விஷமாக மாற்றுவதைத் தடுக்கவும் செய்கிறது. ஆகவே நொதிக்க வைத்த ஒயினில் கண் போகாது. அதைக் காய்ச்சி வடிக்கிற ஆசை மட்டும் யாருக்கும் வரவேண்டாம்.

புட்டியில் அடைக்க அவசரப்படாதீர்கள். மேலே ஏடு மாதிரி வெள்ளைப் படலம் தெரிந்தால் காற்று புகுந்திருக்கிறது. உடனே மாற்றி, நிரப்பி, மெட்டா போட்டால் பிழைக்கும். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் வாடையோ வினிகர் வாடையோ திட்டவட்டமாக வந்துவிட்டால் அதற்கு மருந்து கிடையாது, நல்ல ஒயினோடு கலந்து அதையும் கெடுக்காதீர்கள். இனிப்பு மிச்சமிருக்கும் ஒயினை அப்படியே அடைத்தால் வெயில் காலத்தில் மறுபடி நொதித்துப் புட்டி வெடிக்கும். கொஞ்சம் இனிப்பு வேண்டுமென்றால் ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கிற பொட்டாசியம் சார்பேட்டும் மெட்டாவும் சேர்த்துப் போட்டபின் இனிப்பைக் கலக்க வேண்டும். ஆனால் மாலிக் நொதித்தல் நடந்த ஒயினில் சார்பேட் போட்டால் ஜெரேனியம் இலையைக் கசக்கிய வாடை வரும், போகவே போகாது. நீங்கள் கேட்டது இனிப்பில்லாத ஒயின் என்பதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

ஜூன், ஜூலை வாக்கில் குடுவை தெளிவாக இருந்தால் அடைக்கலாம். 23 லிட்டருக்கு 30 புட்டி வரும். கார்க் அடிக்கிற தரை இயந்திரத்தை ஒயின் சாமான் கடைகளில் வாடகைக்கே எடுக்கலாம், கையால் அடிக்கிற மலிவுச் சாதனம் பாதி கார்க்கை நாசமாக்கும். அடைத்ததும் மூன்று நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு படுக்கப்போடுங்கள். அடைத்த முதல் மாதம் ருசி மந்தமாகத் தெரியும், திரும்பி வந்துவிடும். செப்டம்பரில் அடுத்த பெட்டி வரும்போது முதல் புட்டியைத் திறந்தால் சரியாக இருக்கும்.

வாங்கும் நேரம் மட்டும் தவறவிடாதீர்கள். சாறு பக்கெட்டுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பக்கெட் கைக்கு வந்தால் அன்றே ஈஸ்ட் ஊற்ற முடியாவிட்டாலும் குளிரில் வையுங்கள். காரில் இரண்டு நாள் கிடந்தால் தானாகவே நொதிக்கத் தொடங்கி மூடி தூக்கிக்கொண்டு கிளம்பும். பெட்டித் திராட்சையை லாரி வந்த அன்றோ மறுநாளோ போய், மேல்வரிசையை மட்டும் பார்க்காமல் அடியில் கைவிட்டுப் பார்த்து எடுங்கள். காம்பு பச்சையாக இருக்கிறதா, அடிப் பலகை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரமாக ஒழுகுகிற பெட்டி எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.